கோப்புக்குப் பின்னால் – 6: ‘அ1’ சீட்

சென்ற வாரம் பதிவறையில், பழைய கட்டுகளுக்கு நடுவே வேலை பார்ப்பவர்களைச் சந்தித்தோம். கோப்பின் கடைசி வீடு அது. இந்த வாரம் கோப்பு பிறக்கும் மேசைக்குப் போவோம். அரசு அலுவலகத்தில் அந்த மேசை இளநிலை உதவியாளருடையது.

இளநிலை உதவியாளர்களையும் தேர்ந்தெடுக்கும் குரூப் 4 தேர்வை 2024 ஜனவரியில் டி.என்.பி.எஸ்.சி. அறிவித்தபோது குறிப்பிட்ட காலியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி என்றாலும் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி மையங்களில் உட்கார்ந்து இந்தத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தேர்வானவர் பெயர் பட்டியலில் வந்த அன்று ஊரே கொண்டாடுகிறது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017இல் தமிழக அரசு வகுத்த ஊதிய நிலையின்படி, இந்தப் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. ஒரு குடும்பம் தலைநிமிர அது பெரிய ஆதாரம்.

ஆனால், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: “இதுக்காகவா சார் இவ்வளவு படிச்சோம்?” வேலை செய்ய மனமில்லாதவர்கள் கேட்ட கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. காலை பத்து மணிக்கு முன்பே வந்து, மாலை ஐந்தே முக்காலுக்குப் பிறகும் விளக்கை அணைக்காதவர்கள் கேட்ட கேள்வி இது. நானும் அந்த நாற்காலியில் தொடங்கியவன் என்பதால், இதற்கு நேர்மையாகப் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மனு நடக்கும் பாதை

இந்த மேசையின் அன்றாடம் புரிய, ஒரு மனு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்துக்கு வரும் தபால் முதலில் அலுவலரின் பார்வைக்குப் போகிறது. அவர் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைக்கிறார். பிறகு பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, எந்தப் பிரிவுக்கு உரியதோ அந்த சீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சீட்டுகளுக்கு அ1, அ2, ஆ1 என்று பெயர். அ1 சீட்டில் இருப்பவர் அதைத் தன்பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். எல்லோரும் ‘பி.ஆர்.’ என்று சொல்லும் பதிவேடு இதுதான். யாரிடமிருந்து வந்தது, என்ன பொருள், என்று வந்தது, என்று யாருக்கு அனுப்பப்பட்டது, எப்படி முடிந்தது என்று கட்டம் கட்டமாக அதில் இருக்கும்.

அரசுக் கடிதங்களின் தலையில் நீங்கள் பார்க்கும் ந.க.எண் இப்படிப் பிறக்கிறது. எண், ஆண்டு, கடைசியில் சீட்டின் பெயர். அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்தாலே உங்கள் மனு எந்த மேசைக்குரியது என்று தெரிந்துவிடும். ஆகவே, மனு கொடுத்துவிட்டு வரும்போது எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அது உங்கள் நேரத்தையும் மிச்சப்படுத்தும், அந்த சீட்டில் இருப்பவரின் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

பிறகு கோப்பு உருவாகிறது. வந்த தாள்களும் போன கடிதங்களின் நகல்களும் நடப்புக் கோப்பில். அவற்றைப் படித்து, விதியைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று எழுதுவது குறிப்புக் கோப்பில். வரைவுக் கடிதத்தையும் சேர்த்துக் கட்டி ‘புட் அப்’ செய்ய வேண்டும். உதவியாளர், கண்காணிப்பாளர், அலுவலர் என்று அது படியேறிப் போகும். முடிந்ததும் எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதற்கு ஏற்ப ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று முடிவிட்டுப் பதிவறைக்கு அனுப்புவார்கள்.

சென்னை மாகாணக் காலத்தில் வேரூன்றிய நடைமுறை இது. டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் ‘டாட்டன்ஹாம் முறை’ என்று அழைக்கப்படுகிறது. கேரள அரசு அலுவலகங்களும் இதே மரபில் வந்தவைதான். குறை சொல்ல முடியாத அடிப்படை இதற்கு உண்டு. எந்தத் தாளும் தொலையக் கூடாது, எந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்று எந்த நாளிலும் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த ஏற்பாட்டை மதிக்கிறேன். என் வருத்தமெல்லாம் இன்று அதை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான்.

‘பேசுக’

கோப்பு மேலே போய்விட்டால் அ1 சீட்டின் வேலை முடிந்தது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கோப்பு திரும்பி வருகிறது. குறிப்பின் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது: ‘பேசுக’. அதாவது, நேரில் வந்து விளக்க வேண்டும். அலுவலரோ கூட்டத்தில் இருக்கிறார். கூட்டம் முடிந்தால் கள ஆய்வு. அது முடிந்தால் காணொலி. கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நிற்க வேண்டும். உள்ளே வேறு யாரோ இருப்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால், “சார் கூப்பிடறாங்க” என்று குரல் வரும். எழுந்து ஓடினால், அதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கும்.

இப்படி ஒரு கோப்பு நாட்கணக்கில் அசையாமல் கிடக்கலாம். பதிவேட்டில் அது யார் பெயரில் நிலுவை? கோப்பு மேசைக்குத் திரும்பிவிட்டதால், அ1 சீட்டின் பெயரில். மாத இறுதியில் நிலுவைப் பட்டியல் எடுக்கும்போது கண்காணிப்பாளர் கேட்பார்.

“ஏம்மா, இந்த ஃபைல் எத்தனை நாளா உங்ககிட்டயே இருக்கு?”

“சார், ‘பேசுக’ன்னு வந்துச்சு. மூணு தடவை போனேன். சார் பிஸியா இருந்தாங்க.”

“அதையெல்லாம் பி.ஆர்.ல எழுத முடியுமா? எப்படியாவது முடிங்க.”

கண்காணிப்பாளர் கெட்டவரில்லை. அவர் தலைக்கு மேலும் ஒரு பட்டியல் தொங்குகிறது. ஆனால் இந்த உரையாடலின் முடிவில் ஒரு பாரம் கீழே இறங்கியிருக்கிறது. தாமதம் நேர்ந்தது ஓரிடத்தில், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறோரிடத்தில். இந்த வேலையில் ஒருவரைச் சோர்ந்துபோக வைப்பது வேலையின் அளவு மட்டுமல்ல. முடிவெடுக்கும் அதிகாரம் துளியும் தன் கையில் இல்லாதபோது, முடிவு வராததற்கான பழி மட்டும் தன் பெயரில் எழுதப்படுவதுதான் மனிதர்களை உடைக்கிறது.

அதே கோப்புக்காக ஒரு பெரியவர் வெயிலில் வந்து நிற்கிறார். “மூணு மாசமா அலையறேன் தாயி” என்கிறார். அவருக்கு என்ன சொல்வது? அலுவலர் இன்னும் கூப்பிடவில்லை என்று வெளியாளிடம் சொல்லக் கூடாது. “மேலே போயிருக்குங்கய்யா, அடுத்த வாரம் வாங்க” என்கிறார் அந்தப் பெண். பெரியவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு போகிறார். இரண்டு பேருமே காத்திருப்பவர்கள்தான். ஆனால் ஒருவர் மற்றவரை எதிராளியாகப் பார்க்கும்படி ஏற்பாடு அமைந்துவிட்டது.

இன்மை அறிக்கை

பிற்பகல் மூன்று மணி. தலைமை அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் வருகிறது. மாவட்டத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் இன்ன இனத்தில் நிலுவையில் உள்ள வழக்குகள், வட்டாரவாரியாக, ஆண்டுவாரியாக, மாலைக்குள் வேண்டும். ‘மிக அவசரம்’ என்று தலைப்பு. விவரம் ஒன்றும் இல்லையென்றால் ‘இன்மை’ அறிக்கையாவது தவறாமல் அனுப்ப வேண்டும் என்று அடியில் ஒரு வரி.

காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்த குறிப்பு பாதியில் நிற்கிறது. சார்நிலை அலுவலகங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி. ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் பழைய படிவத்தில் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் கூட்டுத்தொகை தப்பாக அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்த்து, அலுவலரின் ஒப்பம் வாங்கி அனுப்பும்போது மணி ஆறரை. சில நாள் கழித்து அதே விவரம், இரண்டு பத்திகள் இடம் மாறி, வேறொரு பிரிவிலிருந்து கேட்கப்படும். முதல் அறிக்கை அங்கே இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியாது.

புள்ளிவிவரம் கேட்பதில் தவறில்லை. சட்டமன்றக் கேள்விக்கும் நீதிமன்ற வழக்குக்கும் விவரம் உடனே வேண்டியிருக்கும். ஆனால் எல்லாமே ‘மிக அவசரம்’ ஆகிவிட்டால், உண்மையான அவசரம் எது என்று அந்த மேசைக்கு எப்படித் தெரியும்? ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பும் ஒரு இன்மை அறிக்கையும் ஒரே மேசையில் கிடந்தால், முதலில் நகர்வது இன்மை அறிக்கைதான். அதைக் கேட்டவர் பெரிய அலுவலகத்தில் இருக்கிறார். ஓய்வூதியம் கேட்டவர் ஊரில் இருக்கிறார்.

தகவல் கேட்டு வரும் மனுக்களும் இதே மேசைக்குத்தான் வருகின்றன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. மனுவுக்கு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தவறினால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். குடிமக்கள் கையில் கிடைத்த மிக நல்ல சட்டங்களில் ஒன்று அது. அதை எந்த வகையிலும் குறைக்கக் கூடாது என்பதே என் நிலை. ஆனால் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஆவணங்களை முறைப்படி அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்றும், பொதுவான விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியை அலுவலகங்கள் ஒழுங்காகச் செய்திருந்தால், பழைய கட்டுகளைப் பிரித்துத் தூசியில் உட்கார்ந்து நகலெடுக்கும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். மனுதாரருக்கும் பதில் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

கணினி வந்த பிறகு

கணினி வந்தால் வேலை குறையும் என்று எல்லோரும் நம்பினோம். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் மென்பொருள் பல அலுவலகங்களுக்கு வந்துவிட்டது. தபாலை ஸ்கேன் செய்து ஏற்றினால் கோப்பு திரையிலேயே நகரும், யாரிடம் எத்தனை நாள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ‘பேசுக’ கோப்புகளின் உண்மை நிலையும் அதில் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த வகையில் இதை மனதார வரவேற்கிறேன்.

நடைமுறையில் பல இடங்களில் இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன. திரையில் கோப்பை அனுப்பிய பிறகு, “ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வாங்க” என்கிறார்கள். தாளிலும் பதிய வேண்டும், திரையிலும் பதிய வேண்டும். இணையம் விட்டுவிட்டு வரும். ஸ்கேனர் அடுத்த பிரிவில் இருக்கும். அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்திருக்கும். சில்லறைச் செலவினத்துக்கான ஒதுக்கீடு ஆண்டின் பாதியிலேயே தீர்ந்த அலுவலகங்களில், ஏ4 தாள் கட்டும் டோனரும் ஊழியர்கள் கைக்காசில் வருவது அரசுப் பணியில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. கணக்குத் தணிக்கையில் வராத செலவு அது.

எழுத்துருத் தொல்லை இன்னொன்று. தமிழுக்கு ஒருங்குறியைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு 2010இலேயே ஆணையிட்டது. ஆனாலும் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனதும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக மாறி நிற்பதை இன்றும் பார்க்கலாம். தட்டச்சுப் பள்ளியில் பழைய விசைப்பலகையில் நிமிடத்துக்கு 45 சொல் வேகத்தில் உயர்நிலைத் தேர்வு எழுதி வந்தவர், அலுவலகக் கணினியில் தமிழ்99 அமைப்பைப் பார்த்ததும் எழுத்து எழுத்தாகத் தேடத் தொடங்குகிறார். அவருடைய திறமை குறைந்துவிடவில்லை. அவர் கற்ற கருவியும் அவருக்குக் கொடுத்த கருவியும் வேறுவேறு.

பக்கத்து நாற்காலியின் வேலையும்

ஒரு சீட்டுக்கு ஒருவர் என்பது விதி. இரண்டு சீட்டுக்கு ஒருவர் என்பது பல அலுவலகங்களின் வழக்கம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2001இன் இறுதியில் தமிழக அரசு புதிய பணி நியமனங்களுக்குத் தடை விதித்தது. 2006இல்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் நிரப்பப்படாமல், அவர்களுடைய தன்பதிவேடுகள் மட்டும் பக்கத்து மேசைகளுக்கு வந்து சேர்ந்தன. ‘கூடுதல் பொறுப்பு’ என்பது அலுவலகங்களுக்குப் பழகிப்போனது. தடை போன பிறகும் பழக்கம் போகவில்லை.

இதோடு தேர்தல் வந்தால் தேர்தல் பணி. சிறப்பு முகாம் என்றால் முகாமில் மேசை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுக்களுக்கான பதில்கள். முதல்வரின் முகவரித் துறையில் பதிவான மனுக்களுக்கு இணையத்தில் பதிலேற்றம். ஒவ்வொன்றும் மக்களுக்கான நல்ல காரியம்தான். ஆனால் ஒவ்வொரு திட்டத்தையும் அறிவிக்கும்போது, இதைச் செய்யப்போகும் கைகள் ஏற்கெனவே எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

நிரப்பாத இடங்களில் தொகுப்பூதியத்திலும் வெளிமுகமை வழியாகவும் கணினி இயக்குநர்கள் அமர்த்தப்படுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. ஏறத்தாழ ஒரே வேலை. ஒருவருக்கு ஊதிய உயர்வும் விடுப்பும் உண்டு. மற்றவருக்கு அடுத்த மாதம் வேலை உண்டா என்பதே கேள்வி. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாடு தற்காலிகப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் அரசு தொடர்பான ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும், அந்தப் பக்கத்து மேசைகளுக்கு இடையிலான தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. நிரந்தர ஊழியரின் அலுப்பைப் பற்றி எழுதும்போது, அந்த அலுப்பைச் சொல்லக்கூட உரிமையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடக் கூடாது.

17(அ) என்ற பயம்

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தேதி தவறினால்? முதலில் ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்ற குறிப்பாணை வரும். அதற்கு மேல் போனால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளின் 17(அ), 17(ஆ). முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவது பெருந்தண்டனைக்கு. அலுவலகங்களில் ‘செவன்டீன் ஏ’, ‘செவன்டீன் பி’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நடவடிக்கை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும்.

லஞ்சம் வாங்கியவர் மீதும், வேண்டுமென்றே கோப்பை முடக்கியவர் மீதும் இந்த விதிகள் பாய வேண்டும். மேசைக்கு வந்தவரை அவமதிப்பவர்களும் பணம் கேட்பவர்களும் இந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள். வாசகர்களில் பலருக்கு அந்தக் கசப்பான அனுபவம் உண்டு என்பது எனக்குத் தெரியும், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். என் கவலை வேறு. அந்த விதிகள் அளவுக்கு மீறிப் பயமுறுத்தும்போது, ஒழுங்காக வேலை செய்பவரும் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குகிறார். முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் ‘கூடுதல் விவரம் கோரலாம்’ என்று குறிப்பு எழுதுகிறார். ஒரு கடிதம் போகிறது, பதிவேட்டில் நடவடிக்கை எடுத்ததாக ஆகிவிடுகிறது, மனு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியே நாம் ‘இழுத்தடிப்பு’ என்று சொல்வதில் ஒரு பெரிய பங்கு இந்தப் பயத்திலிருந்து வருகிறது.

பழக்கிவிடாமல் பழி சொல்வதும் இதில் சேரும். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளருக்குப் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி உண்டு. குறிப்பு எழுதுவது, வரைவு தயாரிப்பது, பதிவேடு பராமரிப்பது எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள். நல்ல பயிற்சி. ஆனால் பலருக்கு அந்த அழைப்பு, பொறுப்பேற்று வெகுகாலம் கழித்தே வருகிறது. அதுவரை பக்கத்து சீட் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான் பாடம். அந்த அக்காவுக்கே இரண்டு சீட்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய சீர்திருத்தக் குழு எதுவும் தேவையில்லை. நடைமுறையில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: மேலே போன கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதும் நிலுவைப் பட்டியலில் வர வேண்டும். ‘பேசுக’ என்று எழுதிய அலுவலர், எந்த நாளில் பேசலாம் என்பதையும் அதன் அருகிலேயே எழுத வேண்டும். அந்த நாள் வரை கோப்பு அவர் பெயரில் இருக்கட்டும்.

இரண்டு: ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது நிற்க வேண்டும். ஒரு துறையில் ஒரு பிரிவு விவரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால், மற்றப் பிரிவுகள் அங்கே கேட்டுப் பெறலாம். இன்மை அறிக்கை தேவையா என்று ஒவ்வொரு படிவத்துக்கும் யோசிக்க வேண்டும்.

மூன்று: இ-ஆபீஸ் வந்த அலுவலகத்தில் தாள் கோப்பு முழுதாக நிற்க வேண்டும். அதைத் தொடங்கி வைக்க வேண்டியவர் அலுவலர். அவர் திரையில் ஒப்பமிட்டால் கீழே எல்லோரும் மாறுவார்கள்.

நான்கு: பயிற்சி முதலில், சீட் பிறகு. கூடுதல் பொறுப்புக்கு ஒரு கால வரம்பு. அந்த வரம்புக்குள் இடத்தை நிரப்பாவிட்டால் அதற்கும் யாரோ ஒருவர் விளக்கம் சொல்ல வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பொறுப்பு எங்கே எழுதப்படுகிறதோ அங்கே கொஞ்சம் அதிகாரமும், அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே கொஞ்சம் பதிவேடும் வேண்டும் என்பதுதான் நான்கின் சாரமும். இதை ஊழியர் நலக் கோரிக்கை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அ1 சீட்டில் ஒரு நாள் வீணாகும்போது, அந்தத் தன்பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொரு மனுதாரருக்கும் ஒரு நாள் வீணாகிறது. வெயிலில் வந்து நின்ற பெரியவரின் மனுவுக்கு விரைவாக முடிவு கிடைக்க வேண்டுமென்றால், அவருக்குக் குறிப்பெழுதும் பெண்ணின் மேசை முதலில் சீராக வேண்டும். இந்த இரண்டு பேரின் நலனும் ஒன்றுதான் என்று அரசும் நாமும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளும் நாளில், “இதுக்காகவா படிச்சோம்?” என்று கேட்ட பிள்ளைகளுக்கு, “ஆமாம், இதற்காகத்தான்” என்று தயங்காமல் பதில் சொல்ல முடியும்.

அடுத்த வாரம், கோப்பை மேசையிலிருந்து மேசைக்குச் சுமக்கும் அலுவலக உதவியாளரின் நாள்.

(தொடரும்)